வெள்ளை வண்டியில் வந்த ஓநாய்

எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குக் கால் கோப்பைத் தேநீர்தான் ஊற்றுவோம். நிரப்பி ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். அந்தக் கால் கோப்பையைக்கூட என் மனைவி அனார்குல் முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு வாய் குடிப்பாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள், அப்படியே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறிவிடுவாள். வீட்டில் எங்கே கை வைத்தாலும் ஆறிப்போன கோப்பை ஒன்று தட்டுப்படும். ஜன்னல் கட்டையில் இருக்கும், தையல் மிஷின் மேல் இருக்கும், ஒரு தடவை என் பூட்ஸுக்குள்ளேயே இருந்தது. கல்யாணமான புதிதில் கோபம் வந்து விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அதோடு சண்டையை விட்டுவிட்டேன்.

அவள் பிறப்பே அப்படி என்பார் என் மாமியார். கோடை மேய்ச்சலுக்குக் குடும்பமாக மலை ஏறிப்போகிற வழியில், கணவாய்க்கு இந்தப் பக்கமே அவருக்கு வலி எடுத்துவிட்டது. இறங்கிப் பெற்றார், துணியில் சுற்றினார், சாயங்காலமே மறுபடி குதிரை ஏறினார். "நடையில பொறந்தவ, நடந்துக்கிட்டேதான் இருப்பா" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார், நான் ஏதோ புகார் கொடுக்க வந்தவன் மாதிரி.

எனக்குத் தெரிந்த காரணம் வேறு. அவள் டாக்டராகி ஊர் வந்த முதல் கோடையில், மேய்ச்சல் மலையில் ஒருத்திக்குப் பிரசவம் சிக்கல் என்று ஆள் வந்தது. குதிரையில் போனாள். போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் முகத்தை மூடியிருந்தார்கள். "உடம்பு இன்னும் சூடாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். கோப்பைகள் ஆறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நான் ஆட்டு டாக்டர். நாரின் மலைகளில் எங்கள் கோக்-பெல் மாவட்டத்தில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். அதனால் ஜனங்களுக்கு முதலில் என்னைத்தான் தெரியும். அவளை 'எசென் பெண்டாட்டி' என்றுதான் சொல்வார்கள். பிறகு அவள் ஆஸ்பத்திரி டைரக்டராகி, மாவட்டத்துக்கே பெரிய டாக்டர் ஆனாள், நான் 'டாக்டரம்மா புருஷன்' ஆனேன். என் மரியாதை அன்றோடு போனது.

அவள் பெரிய டாக்டர் ஆன கதையும் அவளைப் போலத்தான். சோவியத் உடைந்த பிறகு, அந்த நாற்காலியில் இருந்தவர் தலைநகரத்துக்குப் போய்த் துணி வியாபாரம் தொடங்கினார். அடுத்து வந்தவர் ஒரு குளிர்காலம் தாங்கவில்லை. சம்பளம் வராது, வந்தால் மாவு மூட்டையாக வரும். ஆஸ்பத்திரியில் நிலக்கரி கிடையாது. மாகாண அலுவலகத்தில் எல்லா டாக்டர்களையும் கூப்பிட்டு, யார் பொறுப்பேற்கிறீர்கள் என்று கேட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பாள் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

முதல் வேலையாகப் பிரசவ வார்டைச் சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினாள். கட்டடத்தில் சுவர் சுடுகிற இடம் அது ஒன்றுதான். பிறகு மலையிலிருந்து வரும் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க ஒரு வீடு ஏற்பாடு செய்தாள். காலியாகக் கிடந்த நூலகம் அது. கட்டில் போதவில்லை என்று எங்கள் வீட்டுக் கட்டிலையும் எடுத்துப் போனாள். நான் தரையில் படுத்தேன். "ஆட்டோட பழகுனவருக்குத் தரை என்ன, கட்டில் என்ன" என்றாள். அந்தக் கட்டில் இன்று வரை திரும்பி வரவில்லை.

கோடையில் பாதி மாவட்டம் மலை மேல் கம்பளிக் கூடாரங்களில் இருக்கும். கீழே ஆஸ்பத்திரியில் ஈ ஓட்ட வேண்டும். எப்படியோ அலைந்து, யார் யாரிடமோ மன்றாடி, ஒரு வெள்ளை வண்டி வாங்கினாள். ஒரு நர்ஸையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போனாள். ஜனங்கள் கொண்டாடினார்கள். பெரிய டாக்டரே வீடு தேடி வருவது சாதாரண விஷயமா?

மேலே கரா-சாஸ் மேய்ச்சலில் ஷார்ஷென் என்று ஒரு கூலி மேய்ப்பன் இருந்தான். மேய்ப்பதெல்லாம் அடுத்தவர் ஆடு. அவனுக்கென்று ஒரு குட்டிகூடக் கிடையாது, இலையுதிர் காலத்தில் கூலியாகக் கிடைக்கும் குட்டிகளையும் விற்றுத்தான் குளிர்காலம் ஓட வேண்டும். அவன் மனைவி சோனுனுக்கு முதல் பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டது. லாரியில் போட்டுக் கொண்டு வந்தார்கள். குழந்தை போய்விட்டது. அனார்குல் கட்டிலை விட்டு நகராமல் இருந்து அவளை மீட்டாள். அடுத்த கோடையில் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க அவர்கள் கூடாரத்துக்கே போய் வந்தாள். "மறுபடி உண்டானா அன்னைக்கே எனக்குத் தெரியணும். பிரஷரைப் பாத்துக்கிட்டே இருக்கணும், கடைசி மாசம் கீழ வந்து எங்கிட்ட இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அதற்கடுத்த கோடையில் சோனுன் உண்டானாள் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது. அவளாகச் சொல்லி அனுப்பவில்லை. அனார்குல் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். கூடாரத்தில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது, ஆளில்லை. மறுபடி போனாள், எரு பொறுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். அடுத்த முறை போனபோது கூடாரத்தையே ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்றியிருந்தார்கள். வண்டி ஓடையைத் தாண்டாது. கரையில் நின்று கத்திப் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் அடுப்புக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

"என்னைப் பாத்து ஓடுறாங்க. நான் என்ன போலீஸா?"

"ஊசி வச்சிருக்கேல்ல. என்னைப் பாத்தாலும்தான் ஆடு ஓடுது."

"ஆடுதான ஓடுது, ஆட்டுக்காரன் ஓடலையே. ஆட்டுக்கு மூக்கு ஒழுகினா உங்களத் தேடி மலை எறங்கி வர்றான். பெண்டாட்டிக்கு உசுருக்கு ஆபத்துன்னா ஓடைக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சுக்கிறான். என்னய்யா ஜனம் இது? போன வருஷம் அவ கையால சாப்பிட்டேன். கட்டிப் புடிச்சு அழுதா."

"நீ அதட்டியிருப்ப."

"நான் எங்க அதட்டினேன்?" என்று என்னை அதட்டினாள். "இந்தத் தடவை வலிப்பு வந்தா லாரி வர்ற வரைக்கும் தாங்க மாட்டா. அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிஞ்சே ஓடுறாங்க. அதான் எனக்குப் புரியல."

எனக்கும் புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்குப் புரியாமல் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த வாரமே கரா-சாஸ் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. என் லாரியைப் பார்த்ததும் அக்கம்பக்கத்து மேய்ப்பர்கள் எல்லோரும் மந்தைகளை ஓட்டிக்கொண்டு பட்டிக்கு வந்துவிட்டார்கள், ஷார்ஷென் உட்பட. சோனுனும் வந்திருந்தாள். வயிற்றைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆட்டின் காலைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கைகள் உப்பியிருந்தன. மோதிரம் விரல் சதைக்குள் புதைந்திருந்தது. நான் படித்தது ஆட்டு வைத்தியம்தான். ஆனால் அப்படி ஒரு வீக்கம் எந்த உயிருக்கும் நல்லதில்லை.

"ஏம்மா, நான் வந்தா ஓடல. என் வீட்டுக்காரி வந்தா மட்டும் ஏன் ஓடுற?" என்று கேட்டேன்.

அவள் ஆட்டைப் பார்த்தபடி இருந்தாள். ஷார்ஷென் ஊசிப் பெட்டியைத் தேவையில்லாமல் திறந்து மூடினான். பதில் சொன்னது பக்கத்து மந்தைக்காரன் ஒமுர்பெக். அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"நீங்க வந்தா அவன் ஏண்ணே ஓடப்போறான்? உங்களுக்குப் பட்டி ஓரமா ஒரு துண்டு ரொட்டியும் மோரும் போதும். பெரிய டாக்டரம்மா வந்தா என்னத்த வெட்டுவான்? தன் காலை வெட்டுவானா?"

"வாய மூடுடா" என்றான் ஷார்ஷென்.

"நான் ஏன் மூடணும்? போன வருஷம் இவன் மந்தையில ஒரு ஆட்ட ஓநாய் கொண்டுபோயிருச்சாம். மொதலாளி சும்மா விடுவானா? இவன் கூலிக்குட்டில பாதியப் புடிச்சுக்கிட்டான். குளிர்காலம் பூரா புருஷனும் பெண்டாட்டியும் வெறும் மாவக் கரைச்சுக் குடிச்சாங்க. அந்த ஓநாய் எதுல வந்துச்சு தெரியுமாண்ணே? வெள்ளை வண்டியில வந்துச்சு."

மேய்ப்பர்கள் சிரித்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

சோனுன் ஆட்டின் காலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா மேல தப்பில்லண்ணே. வெட்ட வேணாம்னுதான் சொன்னாங்க."

"வேணாம்னு சொல்லாத விருந்தாளி உண்டா?" என்றான் ஒமுர்பெக்.

அங்கேதான் இருந்தது எல்லாம். அனார்குல் ஒவ்வொரு கூடாரத்திலும் "எதுவும் வெட்டாதீங்க, வேணாம்" என்று மனசாரத்தான் சொல்வாள். ஆனால் எங்கள் ஊரில் எல்லா விருந்தாளியும் அதைத்தான் சொல்ல வேண்டும், எல்லா வீட்டுக்காரனும் அதைக் கேட்காதது போல ஆட்டை வாசலுக்கு இழுத்து வர வேண்டும். விருந்தாளி கையேந்தி ஆசி சொல்வார், பிறகு கத்தி வரும். 'வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்தவனை அவன் பேரப்பிள்ளைகள் காலம் வரை ஊர் பேசும். வெட்ட ஆடில்லாதவனுக்கு ஒரே வழி, வண்டிச் சத்தம் கேட்டதும் வீட்டில் இல்லாமல் போவது. மனைவியின் உயிர் போனாலும் போகட்டும் என்று ஷார்ஷென் நினைக்கவில்லை. அவனால் பெரிய டாக்டர் முன்னால் அந்த வாசலில் வெறும் கையோடு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். நானாக இருந்தாலும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் போயிருப்பேன்.

சாயங்காலம் அனார்குலிடம் சொன்னேன். நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

"கறுப்பு மூஞ்சி ஆடு" என்றாள். "வாசலுக்குக் கொண்டு வந்தான். நான்தான் கையேந்தினேன். காதுல மொதலாளி குறி இருந்துச்சுங்க. ரெண்டு வெட்டு. நான் பாத்தேன். பாத்துட்டு, நேரமாகுதேன்னுதான் நெனச்சேன்."

எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காதுக் குறி உண்டு. ஷார்ஷெனுக்குக் குறியே கிடையாது, குறி போட ஆடு இருந்தால்தானே.

"நீங்களும் தின்னீங்க" என்றாள். விருந்து முடிந்ததும் வீட்டாருக்கென்று கறியைப் பையில் கட்டிக் கொடுப்பது வழக்கம். அந்தப் பையை நான்தான் காலி செய்தேன். நல்ல கறி என்று பாராட்டியது கூட நினைவு வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டை நான் தொடவில்லை.

"ஆடு நனையுதேன்னு அழுத ஓநாய் நான்தான், இல்லையா?" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது மிகக் குறைவு. அது அதில் ஒன்று.

ஆனால் அவளுக்கு அழ நேரம் ஏது? உடனே மறுபடி நடக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி ஆட்கள் யாரும் எந்தக் கூடாரத்திலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று உத்தரவு போடப் போவதாகச் சொன்னாள்.

"போடு. நாயை அவுத்து விடுவாங்க. அடுப்பு எரியிற வீட்டுல ரொட்டியத் தொடாமப் போனா அதைவிட அவமானம் உண்டா?"

"அப்ப நான் என்னதான் செய்யறது? தின்னா ஓநாய், தின்னலேன்னா திமிரு புடிச்சவ."

"எனக்குத் தெரியாது. எனக்கு இந்தத் தொல்லையே கெடையாது. வருஷக் கணக்கா ஊசி போடறேன், ஒருத்தனும் எனக்குன்னு ஒரு குட்டிய வெட்டினதில்ல. பட்டி ஓரமா ரொட்டி, அதுவும் நின்னுக்கிட்டே. வேலைக்கு வந்தவன் எப்படி விருந்தாளி ஆவான்?"

மனதில் வெகு நாளாக இருந்த குறையை ஒரு எரிச்சலில் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். கட்டில் போனதற்கு முன்பும் அப்படித்தான் பார்த்தாள்.

மறுநாள் காலை லாரியைக் கிளப்பப் போனபோது என் பழைய அழுக்கு மேலங்கியைப் போட்டுக்கொண்டு, தலையில் துணி கட்டி, முன் இருக்கையில் இருந்தாள். மருந்துப் பெட்டி என் ஊசிப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தது.

"நேத்தே எல்லா ஆட்டுக்கும் போட்டாச்சு" என்றேன்.

"ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கும். நல்லா யோசிச்சுப் பாருங்க."

கரா-சாஸில் மேய்ப்பர்கள் அவளை முதலில் அடையாளம் காணவில்லை. கண்டதும் ஷார்ஷெனின் முகம் செத்துப்போனது. கண்கள் முதலாளியின் மந்தைக்குள் எந்த ஆடு என்று தேடியதை நான் பார்த்தேன். அவள் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. நேராகப் பட்டிக்குள் இறங்கினாள், ஒரு கிடாவைக் கொம்பைப் பிடித்து இழுத்து வந்தாள், அது அவளைச் சாணியில் தள்ளியது. ஒமுர்பெக் வாய்விட்டுச் சிரித்தான்.

"டாக்டரம்மா, உள்ள வாங்க. ஒரு டீ..." என்று ஷார்ஷென் தொடங்கினான். சொல்லித்தானே ஆக வேண்டும்.

"யாரு டாக்டரம்மா? நான் இன்னைக்கு ஆட்டு டாக்டருக்குக் கையாளு" என்றாள் எழுந்தபடி. "கையாளுக்கு எவனாவது விருந்து வைப்பானா? அந்தப் பக்கம் புடி."

பட்டியின் மறுபுறம் சோனுன் நின்றிருந்தாள், ஓடலாமா வேண்டாமா என்று. அனார்குல் ஒரு ஆட்டை இழுத்துப் போய் அவள் எதிரில் நிறுத்தினாள். இருவருமாக அதைப் பிடித்தார்கள், நான் ஏற்கெனவே ஊசி போட்ட ஆட்டுக்கு மருந்தில்லாத ஊசியைக் காட்டினேன். அடுத்த ஆடு வருவதற்குள் அனார்குல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிரஷர் பார்க்கும் பட்டையை என் மேலங்கிப் பையிலிருந்து எடுத்தாள். பட்டிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் ஆடுகள் கத்த, காதில் குழலை மாட்டிக்கொண்டு கேட்டாள். கேட்டவள் முகம் மாறியது.

"கண்ணு மங்குதா?"

"கொஞ்சம். ரெண்டு நாளா தலை விண்ணு விண்ணுன்னு இருக்குக்கா."

"எந்திரி. இப்பவே போறோம்."

"மாவு பெசஞ்சு வச்சிருக்கேன்" என்றாள் சோனுன்.

"உன் புருஷன் சுடட்டும்."

ஷார்ஷென் கூடாரத்துக்கு ஓடினான். ஒரு ரொட்டியைத் துணியில் ஏந்திக்கொண்டு வந்து லாரியின் பக்கத்தில் நின்றான். அனார்குல் நின்றபடியே ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டாள். நானும் போட்டேன். வீட்டு வாசலைக் கடக்கிறவன் ரொட்டியையாவது தொட வேண்டும், அது போதும், அதற்கு யாரும் கத்தி எடுக்க வேண்டியதில்லை. அந்த விள்ளலை அவள் மெல்லும்போது ஷார்ஷென் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதலாளி மந்தையை விட்டுவிட்டு அவன் எங்களோடு வர முடியாது. பட்டியிலேயே நின்றான்.

இறங்கும் வழி முழுக்க அனார்குல் சோனுனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அசையாமல் உட்கார்ந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். "வேகமா" என்பாள், அடுத்த நொடியே "குலுக்காம" என்பாள். கடைசிப் பாலத்தைத் தாண்டும்போது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அன்றே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒரு கை அகலம்தான் இருந்தது. சுவர் சுடுகிற அந்த அறையில் வைத்துக் காப்பாற்றினார்கள். வலிப்பு வரவில்லை. சோனுன் பிழைத்தாள். அய்பேரி என்று பெயர் வைத்தார்கள்.

அதன் பிறகு வெள்ளை வண்டி கூடாரங்களுக்குப் போவதில்லை. நான் எந்தப் பட்டிக்குப் போகிறேனோ அங்கே என் லாரிக்குப் பின்னால் வரும். ஆட்டுக்கு ஒரு பக்கம், ஆட்டுக்காரனுக்கு மறுபக்கம். ஆஸ்பத்திரி ஆட்கள் யாரும் உட்காரக் கூடாது, நின்றபடியே ரொட்டியைத் தொட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அதுதான் அனார்குலின் சட்டம். உட்கார்ந்தால் விருந்தாளி, நின்றால் வேலைக்காரி. உட்காரத் தெரியாதவளுக்கு இதைவிட வசதியான சட்டம் உண்டா? வசதியுள்ளவர்களுக்குக் கோபம் வந்தது. "எங்க வீட்டுக் கம்பளத்துல முள்ளா இருக்கு?" என்று ஒரு பெரியவர் கோலை வீசினார். மாகாணத்திலிருந்து கூப்பிட்டு, ஆட்டுப்பட்டியில் மனிதருக்கு வைத்தியம் பார்ப்பது என்ன நாகரிகம் என்று கேட்டார்கள். "மனுஷங்க அங்கதான் இருக்காங்க" என்றாள். எச்சரித்து அனுப்பினார்கள். அடுத்த வருஷம் பக்கத்து மாவட்டத்து டாக்டர்களும் பட்டிக்குப் போனார்கள். அவர்களை யாரும் எச்சரிக்கவில்லை.

ஷார்ஷென் கூலிக்குட்டிகளை விற்காமல் ஒன்றிரண்டாகச் சேர்த்தான். அய்பேரி பள்ளிக்கூடம் போகிற வயதில் அவனுக்குச் சொந்தமாக ஒரு சின்ன மந்தை இருந்தது, கீழே கிராமத்தில் மண்வீடும் இருந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எங்கள் வாசலுக்கு வந்து நிற்பான். "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க டாக்டரம்மா. வேலைக்கு இல்ல." இவள் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு கூட்டம் இருக்கிறது என்பாள். ஒரு தடவை அவன் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ போகலேன்னா அந்த ஓநாய் அவன் வயித்துலயே கெடக்கும். உனக்கு உட்கார முடியலைங்கிறதுக்காக அவன் சாகற வரைக்கும் சுமக்கணுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம்.

வாசலில் இறங்கியதும் ஷார்ஷென் ஆட்டை இழுத்து வந்தான். நல்ல கொழுத்த ஆடு. அனார்குல் வாய் திறந்து, "வேணாம்பா, எதுக்கு" என்றாள். சொல்லித்தானே ஆக வேண்டும். அவன் கேட்காதது போல ஆட்டின் தலையை அவள் பக்கம் திருப்பினான். காதை விரலால் நிமிர்த்திக் காட்டினான். நுனியில் ஒரே ஒரு வெட்டு.

"குறியப் பாருங்க டாக்டரம்மா. என்னுது."

அவள் பார்த்தாள். இந்தத் தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு கையேந்தி ஆசி சொன்னாள். சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது.

உள்ளே கம்பளத்தின் மேல்கோடியில் அவளை உட்காரவைத்தார்கள். அய்பேரி கால் கோப்பை, கால் கோப்பையாகத் தேநீர் ஊற்றினாள். அனார்குல் முழங்காலை மாற்றி மாற்றி மடக்கினாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கறி வந்தது. விருந்தில் வயதில் மூத்தவளுக்கு மரியாதையாக வைக்கிற வால் கொழுப்போடு கூடிய பின்கறியை ஷார்ஷென் இரண்டு கையிலும் ஏந்தி அவள் முன்னால் குனிந்தபோது, அவள் பையில் போன் அடித்தது.

அவன் கை அப்படியே நின்றது. சோனுன் கரண்டியோடு நின்றாள். அனார்குலின் கை பைக்குப் போனது. போனை எடுத்தாள், பார்த்தாள், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அதை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க பேசுங்க."

வெளியே ஓடினேன். துயுக் கிராமத்து நர்ஸ். "டைரக்டர் அக்கா இல்லையாண்ணே? இங்க ஒருத்திக்கு ரத்தம் நிக்கல, குழந்தை பொறந்துடுச்சு, நஞ்சுக்கொடி வரல. ஆஸ்பத்திரி வண்டி வேணும். அக்கா சொல்லாம டிரைவர் எடுக்க மாட்டேங்கிறான், பனி பெய்யுதாம்."

உள்ளே பார்த்தேன். ஷார்ஷென் கறியை அவள் முன்னால் வைத்துக்கொண்டிருந்தான். நான் ஆட்டு டாக்டர், எனக்கு யாருக்கும் உத்தரவு போட அதிகாரம் கிடையாது. டிரைவரைக் கூப்பிட்டேன்.

"டைரக்டர் சொல்லிட்டாங்க, இப்பவே கெளம்பு. ரத்தப் பையையும் டாக்டரையும் ஏத்திக்க. சக்கரத்துல சங்கிலி மாட்டிட்டுப் போ. இல்லேன்னா நாளையிலேருந்து என்கூட ஆடு புடிக்கப் போற."

அவள் குரலில்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

பிறகு எனக்கு உள்ளே போய் உட்கார முடியவில்லை. முற்றத்தில் பனியில் நடந்தேன். இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருப்பானா, மேட்டில் சறுக்கியிருப்பானா, அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயது, நான் சொன்னது சரிதானா, அனார்குலிடமே கொடுத்திருக்க வேண்டுமோ. ஆட்டுத் தொழுவத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரிப்பும் அதில் இருந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று. வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் அவள் உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, கோப்பைகளை எண்ணித் திட்டினவனுக்கு.

போன் மறுபடி அடித்தது. வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது, ரத்தம் கட்டுப்பட்டுவிட்டது, ஏற்றிக்கொண்டு வருகிறோம் என்றாள் நர்ஸ். பனியைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். அனார்குல் கையெல்லாம் கொழுப்போடு உட்கார்ந்திருந்தாள். எலும்பு சுத்தமாக இருந்தது.

"எந்த ஊரு?" என்றாள், நிமிராமல்.

"துயுக்."

"வண்டி?"

"போயிடுச்சு. ஆபத்து தாண்டியாச்சு."

"யாரு அனுப்பினா?"

"நீதான்."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் தலையிலும் தோளிலும் இருந்த பனியைப் பார்த்தாள். பிறகு காலிக் கோப்பையை அய்பேரியிடம் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துடி கண்ணு" என்றாள்.

நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். என் கோப்பையில் தேநீர் ஆறி, மேலே ஏடு படிந்திருந்தது.